இவ்விடம் க்ஷேமம்

மேன்ஷன் அறையில் உங்களுக்கு 102 டிகிரி ஜுரம். ரசம் சாதம்கூட இறங்கவில்லை. பக்கத்து ரூம் நண்பன் வாங்கி வந்த பன் மேஜைமேல் அப்படியே காய்ந்துகொண்டிருக்கிறது. அந்த நேரம் பார்த்து ஊரிலிருந்து அம்மா போன்.

"சாப்பிட்டியாப்பா?"

தொண்டையைச் செருமிக்கொள்கிறீர்கள். "ஒரு கட்டு கட்டிட்டேம்மா. உனக்கு முட்டி வலி எப்படி இருக்கு?"

"எனக்கென்னடா, ஜம்முனு இருக்கேன்."

முட்டி வீங்கி அவள் படுத்து நாலு நாள் ஆகிறது.

இந்தப் பக்கமும் பொய், அந்தப் பக்கமும் பொய். இரண்டு பேருக்கும் அது தெரியும். ஆனாலும் போனை வைத்ததும் இரண்டு பேருக்கும் ஒரு தெம்பு வருகிறதே, அதை எந்த மெடிக்கல் ஷாப்பிலும் வாங்க முடியாது.

கடுதாசிக் காலத்தில் இந்த மருந்துக்கு ஒரு லேபிளே இருந்தது. 'இவ்விடம் யாவரும் க்ஷேமம். அவ்விடம் க்ஷேமத்துக்கு எழுதவும்.' இதை எழுதாமல் கடிதத்தை ஆரம்பித்தால் தபால்காரர் வாங்கமாட்டார் என்றே சின்ன வயதில் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்குக் கையெழுத்து கொஞ்சம் குண்டு குண்டாக வரும். அந்த ஒரே தகுதியில் பத்து வயதிலேயே தெருவுக்கு நான்தான் ஆஸ்தான எழுத்தர். சம்பளம், ஒரு கடிதத்துக்கு ஒரு கடலை உருண்டை. நிரந்தர வாடிக்கையாளர், எதிர்வீட்டு அத்தை. அவருடைய மகன் ராணுவத்தில் இருந்தார். 1971, பங்களாதேஷ் யுத்த சமயம். விலாசத்தில் ஊர் பெயரே கிடையாது. '56 ஏ.பி.ஓ.' என்று மட்டும் எழுதவேண்டும். அது எந்த ஊர் என்று நான் அட்லஸில் தேடியிருக்கிறேன்.

அத்தை சொல்லச் சொல்ல எழுதுவேன். "இங்க எல்லாரும் சௌக்கியம்னு போடு ராசா..." என்று ஆரம்பிப்பார். அதற்குள் இருமல் வந்துவிடும். சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிஷம் இருமுவார்.

"இருமலைப் பத்தியும் எழுதவா அத்தை?"

"எழுதினே, கையை ஒடிச்சுப்புடுவேன்!"

அந்த அத்தையை எனக்குத் திரும்ப ஞாபகப்படுத்தியது ஒரு இங்கிலீஷ் புத்தகம். டேவிட் ஓமிஸ்ஸி என்ற சரித்திர ஆசிரியர் தொகுத்து, 1999-ல் வெளிவந்தது. முதல் உலக யுத்தத்துக்குப் போன நம் நாட்டுச் சிப்பாய்கள் எழுதிய கடிதங்கள். சரித்திரப் புத்தகம்தானே, இரண்டு பக்கம் புரட்டினால் தூக்கம் வரும் என்ற நம்பிக்கையோடுதான் எடுத்தேன். வரவில்லை.

★ ★ ★

1914 செப்டம்பர் 22 ராத்திரி 'எம்டன்' கப்பல் சென்னை மேல் குண்டு போட்டுவிட்டுப் போன கதை நமக்குத் தெரியும். (கறாரான அப்பாக்களுக்கு எல்லாம் 'எம்டன்' என்று பட்டப்பெயர் வந்தது அதற்கப்புறம்தான்.) அது நடந்து நாலாவது நாள், இந்தியச் சிப்பாய்கள் பிரான்ஸில் மார்ஸேய் துறைமுகத்தில் இறங்கினார்கள். யுத்தம் முடிவதற்குள் சுமார் 1,38,000 இந்தியர்கள் பிரான்ஸ் பக்கம் போனார்கள். அதில் பாதிக்கு மேல் சண்டை போட, மீதிப் பேர் எடுபிடி வேலைக்கு. பெரும்பாலும் பஞ்சாபிகள், பட்டாணியர்கள், கூர்க்காக்கள், கடுவாலிகள். நம் மதராஸ் படைகள் போனது மெஸபடோமியாவுக்கும் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும்.

வெய்யில் தேசத்துக்காகத் தைத்த மெல்லிசு காக்கி யூனிபாரத்தோடு போய் இறங்கினார்கள். குளிருக்கான உடுப்பு தாமதமாக வந்தது. அதற்குள் அவர்களைப் பதுங்குகுழிகளில் இறக்கிவிட்டார்கள். முழங்கால் வரை ஐஸ் தண்ணீர். நாள் கணக்கில் பூட்ஸைக் கழற்றாமல் நின்று கால்கள் அழுகின. குண்டடி பட்டால் அடுத்த ஆபத்து மண். ஐரோப்பிய விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகச் சாண உரம் போட்ட வயல் அது. காயத்துக்குள் அந்த மண் போனால் சதை அழுகும். பென்ஸிலின் கண்டுபிடிக்க 1928 வரை காத்திருக்கவேண்டும். அதனால் கத்திதான் வைத்தியம்.

அடிபட்டவனை ஸ்ட்ரெச்சரில் தூக்கி, முதலுதவி கொடுத்து, முன்னணியிலிருந்து படிப்படியாகப் பின்னுக்குக் கொண்டுவந்து, கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்புவார்கள். அங்கே ரயில். ரயில் போய்ச் சேரும் ஊர்களில் முக்கியமானது ப்ரைட்டன் என்ற கடற்கரைப் பட்டணம்.

இனிமேல்தான் வேடிக்கை. மயக்கம் தெளிந்து கண் விழிக்கும் சிப்பாய் தலைக்கு மேலே பார்க்கிறான். பொன் முலாம் பூசிய மேல்கூரை. பெரிய பெரிய சரவிளக்கு. சுவரெல்லாம் டிராகன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் மசூதி மாதிரிக் கும்மட்டங்கள். செத்துச் சொர்க்கம் வந்துவிட்டோம் என்று நினைத்திருந்தால் அவனைக் குற்றம் சொல்ல முடியாது.

அது ராயல் பெவிலியன். நாலாம் ஜார்ஜ் மன்னர் இளவரசராக இருந்த காலத்தில் உல்லாசத்துக்காகக் கட்ட ஆரம்பித்த அரண்மனை. வெளியே இந்திய பாணி, உள்ளே சீன பாணி. இந்தியாவையும் சீனாவையும் நேரில் பார்த்திராத ஒருவரின் கனவு. 1914 டிசம்பரிலிருந்து 1916 ஆரம்பம் வரை அது இந்தியச் சிப்பாய்களுக்கான ஆஸ்பத்திரி. மன்னரின் பிரும்மாண்டமான சமையலறை ஆபரேஷன் தியேட்டர் ஆயிற்று. அவருடைய குதிரை லாயமாக இருந்த பெரிய வட்டக் கட்டடம் வார்டு ஆயிற்று. அங்கே 1857-ஐ யாரும் மறந்திருக்கவில்லை. தோட்டாவில் தடவிய கொழுப்பு ஒரு ராஜ்ஜியத்தையே ஆட்டிவைத்ததல்லவா? அதனால் சாப்பாட்டு விஷயத்தில் மகா ஜாக்கிரதை. ஒரே ஆஸ்பத்திரியில் ஒன்பது சமையலறைகள்! வார்டுக்கு வார்டு இந்துக்களுக்கு ஒரு குழாய், முஸ்லிம்களுக்கு ஒரு குழாய். புல்வெளியில் தொழுகைக்கு இடம். சீக்கியர்களுக்குக் கூடாரத்தில் குருத்வாரா.

'சக்கரவர்த்தியே தன் அரண்மனையைக் காலி பண்ணிக் கொடுத்துவிட்டார்' என்று சிப்பாய்கள் நெகிழ்ந்துபோய் ஊருக்கு எழுதினார்கள். அந்த எண்ணத்தை அரசாங்கமும் கலைக்கவில்லை. இங்கிலீஷ், குர்முகி, உருது மூன்று மொழிகளில் படத்தோடு புத்தகம் போட்டு அந்தப் பெருமையை ஊதிவிட்டது. நிஜத்தில் விக்டோரியா ராணி அந்த அரண்மனையை 1850-லேயே ப்ரைட்டன் நகரசபைக்கு விற்றுக் காசாக்கியாயிற்று!

அதே ஊரில் இன்னொரு ஆஸ்பத்திரி, கிச்சனர் பெயரில். முன்பு ஏழை விடுதியாக இருந்த கட்டடம். அங்கே சரவிளக்கெல்லாம் இல்லை. சுவரும், முள்கம்பியும், காவலும்தான். நம் ஆட்கள் வெளியே போய் வெள்ளைக்காரப் பெண்களோடு பேசிவிட்டால் சாம்ராஜ்யத்தின் மானம் என்ன ஆவது என்ற பயம். வெள்ளைக்கார நர்ஸுகள் இந்திய நோயாளிகளைத் தொட்டுப் பணிவிடை செய்வதற்கே தடை. இது ஜெயில் என்று உள்ளேயிருந்தவர்கள் ஊருக்கு எழுதினார்கள்.

எழுதினார்கள் என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். பெரும்பாலானவர்களுக்கு எழுதத் தெரியாது. படித்த சிப்பாய் ஒருவனைப் பிடித்து, கட்டில் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லச் சொல்ல எழுதவைப்பார்கள். ஊரில் அதைப் பிரிப்பதும் படிக்கத் தெரிந்த ஒரு வாத்தியாரோ, தபால்காரரோ. சுற்றிலும் தெருவே கூடி நிற்கும். பெண்டாட்டிக்கு எழுதும் கடிதத்தில் கொஞ்சலாக ஒரு வார்த்தை எழுத முடியுமா, சொல்லுங்கள்! அதனால் மாடு, மழை, நிலத்தகராறு, தங்கை கல்யாணம் என்று விசாரித்துவிட்டு முடித்துக்கொள்வார்கள். இப்படியே, 1915 மார்ச் வாக்கில், வாரத்துக்கு 10,000 முதல் 20,000 கடிதங்கள் வரை போயின.

எழுதியவனுக்கும் படித்தவனுக்கும் நடுவே மூன்றாவதாக ஒருவர் இருந்தார். பிரான்ஸில் பூலோன் என்ற ஊரில் ஒரு தணிக்கை ஆபீஸ். தலைவர், காப்டன் ஹோவெல் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி. உதவிக்குச் சிலர். அத்தனையும் படிக்க நேரம் ஏது? கட்டிலிருந்து கொஞ்சம் உருவி எடுத்துப் படிப்பார்கள். ராஜத்துரோகம் எதுவும் இருக்கிறதா, சிப்பாய் மனசு எப்படி இருக்கிறது என்று பார்த்து, முக்கியமான பகுதிகளை இங்கிலீஷில் மொழிபெயர்த்து மேலிடத்துக்கு வாராவாரம் அறிக்கை. டாக்டர் நோயாளியின் வாயில் தர்மாமீட்டரை வைத்தார். ஹோவெல் ராணுவத்தின் தபால் பையில் வைத்தார்.

அந்த தர்மாமீட்டரில் அவர் கண்ட ஒரு அறிகுறியைச் சொல்லியே ஆகவேண்டும். 1915 ஜனவரியில் அவர் கவலையோடு எழுதுகிறார்: காயம்பட்ட சிப்பாய்களில் பலர் கவிதை எழுத ஆரம்பித்துவிட்டார்களாம். இது மனக் கலக்கத்தின் ஆபத்தான அடையாளம் என்கிறார்! நம் பத்திரிகை ஆபீஸ்களில் தினசரி வந்து குவியும் கவிதைகளை அவர் பார்த்திருந்தால் நேரே ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணியிருப்பார்.

கடிதம் பிரிக்கப்படுகிறது என்பது சிப்பாய்களுக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. சும்மா இருப்பார்களா? ஒருவர் ஊருக்கு மளிகைச் சாமான் பற்றி எழுதினார். கறுப்பு மிளகு தீர்ந்துவிட்டது, இப்போது சிவப்பு மிளகாய்தான் உபயோகிக்கிறார்கள். ஆனால் கறுப்பு மிளகு அளவுக்கு இதில் காரம் இல்லை என்ற தினுசில் போகிறது கடிதம். கறுப்பு என்றால் நம் சிப்பாய்கள், சிவப்பு என்றால் வெள்ளைக்காரர்கள். ஹோவெலுக்குப் புரிந்துவிட்டது. புரியாமல் தப்பித்த மிளகு ரசங்கள் எத்தனையோ!

★ ★ ★

இந்த ரகசியத்தெல்லாம் அடியில் இருந்தது ஒரே ஒரு பயம். குணமாகிவிடுவோமோ என்ற பயம்.

ஆஸ்பத்திரியில் சேர்ந்த மனுஷன் குணமாவதற்குப் பயப்படுவானா? பயப்பட்டான். காரணம், காயம் ஆறியதும் வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள். திரும்பவும் பதுங்குகுழிக்கு. ரத்தம் சிந்தியாயிற்று, வாங்கிய சம்பளத்துக்குக் கணக்கு தீர்ந்தது, இனி ஊர் என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். ராணுவத்துக்கு ஆள் பற்றாக்குறை. கை கால் அசைந்தால் போதும், கிளம்பு. இரண்டாவது தடவை அடிபட்டு வந்தவன் மூன்றாவது தடவைக்குத் தயாராகவேண்டும். ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து, கையெழுத்துப் போடாமல், மன்னருக்கே மனு எழுதினார்கள்.

சிலர் ஊரிலிருந்து பார்சலில் ஒரு சாமான் அனுப்பச் சொன்னார்கள். அதன் பெயர் பிலாவா. தமிழில் சேராங்கொட்டை. வண்ணார் துணிக்குக் குறி போடுவாரே, அதேதான். அதன் பால் மேலே பட்டால் தோல் வெந்து வீங்கிவிடும். ஆறப்போகும் உடம்பை ஆறவிடாமல் வைத்திருக்க சேராங்கொட்டை! ஊரில் அதைப் பொட்டலம் கட்டிய அம்மாவோ பெண்டாட்டியோ என்ன நினைத்துக்கொண்டு கட்டியிருப்பாள் என்று யோசித்தேன். மகனின் உடம்பைக் கெடுக்க அவளே மருந்து அனுப்பவேண்டும். அவன் உயிரோடு வரவேண்டுமென்றால் அதுதான் வழி.

கையில் குண்டு பட்டு வந்தவர்களைப் பார்த்து, தானே சுட்டுக்கொண்டானோ என்று மேலதிகாரிகளுக்குச் சந்தேகம். கிச்சனர் ஆஸ்பத்திரியின் தலைமை டாக்டர் கர்னல் ப்ரூஸ் ஸீட்டன். முள்கம்பி போட்ட அதே மனிதர்தான். அவர் உட்கார்ந்து ஆயிரம் காயங்களைக் கணக்கெடுத்தார். வேண்டுமென்றே சுட்டுக்கொள்ளும் வழக்கம் இருப்பதற்கு ஆதாரமே இல்லை என்று 1915-ல் அறிக்கை கொடுத்தார். வெளியே போக விடாதவர், பழி மட்டும் விழ விடவில்லை. மனிதர்களை ஒரே வரியில் நல்லவன், கெட்டவன் என்று எழுதி முடிக்க முடிவதில்லை.

இப்போது மீர் தஸ்த். பட்டாணிய ஜமேதார். 1915 ஏப்ரல் 26, பெல்ஜியத்தில் ஈப்ர் என்ற இடம். நாலு நாள் முன்புதான் ஜெர்மானியர்கள் அந்தப் பக்கம் முதல் தடவையாக விஷவாயு விட்டிருந்தார்கள். முகமூடி கிடையாது. மூத்திரத்தில் நனைத்த துணியை மூக்கில் கட்டிக்கொள்வதுதான் பாதுகாப்பு. அதற்கு நடுவில் மீர் தஸ்த் சிதறிப்போன ஆட்களைச் சேர்த்து, குண்டு மழையில் எட்டு அதிகாரிகளை இழுத்து வந்து காப்பாற்ற உதவினார். விக்டோரியா க்ராஸ் கிடைத்தது. ஆகஸ்டில் அதே ப்ரைட்டன் அரண்மனைப் புல்வெளியில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தம் கையால் குத்திவிட்டார். (இதில் ஒரு விசித்திரம். அவருடைய சகோதரர் மீர் மஸ்த், அதே வருஷம் மார்ச்சில் சில பேரோடு ஜெர்மானியர் பக்கம் ஓடிப்போனவர். ஒரே வீட்டில் இரண்டு முடிவு.)

இந்தப் பெரிய வீரர் ஊருக்கு என்ன எழுதினார் தெரியுமா? விக்டோரியா க்ராஸ் நல்ல விஷயம்தான், ஆனால் இந்த வாயு நிம்மதியாக இருக்கவிடவில்லை, என் கதையை முடித்துவிட்டது என்று எழுதினார்.

அந்தப் புத்தகத்தில் நான் மேலே படிக்காமல் நிறுத்திய இடம் அது. எல்லாரும் மாட்டையும் மழையையும் எழுதிக்கொண்டிருக்க, மார்பில் பதக்கம் குத்திய மனிதருக்குத்தான் 'க்ஷேமமாக இல்லை' என்று எழுதும் தைரியம் வந்திருக்கிறது. சண்டையில் காட்டியதைவிட இது பெரிய தைரியமோ என்று தோன்றியது. (கதை முடிந்துவிடவில்லை. 1917-ல் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று ஊர் திரும்பி, 1945 வரை இருந்தார்.)

திரும்பாதவர்களும் உண்டு. ப்ரைட்டனுக்கு வெளியே குன்றின் மேல் 53 இந்து, சீக்கியச் சிப்பாய்களைத் தகனம் செய்தார்கள். அந்த இடத்தில் 1921-ல் வெள்ளைச் சலவைக்கல்லில் ஒரு சத்திரி எழுப்பினார்கள். இன்றும் நிற்கிறது. முஸ்லிம்களுக்கு வோக்கிங் என்ற ஊரில் தனிக் கல்லறைத் தோட்டம்.

கடிதங்கள் என்ன ஆயின? மூலக் கடிதங்களைத் தணிக்கை ஆபீஸ் பெரும்பாலும் ஊருக்கே அனுப்பிவிட்டது. அங்கே நாலு பேர் கூடிப் படித்து, கம்பியில் குத்திவைத்து, கரையான் சாப்பிட்டிருக்கும். லண்டனில் ப்ரிட்டிஷ் லைப்ரரியில் இன்று இருப்பது, ஹோவெல் ஆபீஸ்காரர்கள் ஒட்டுப் பார்த்து இங்கிலீஷில் எழுதிவைத்த பகுதிகள் மட்டும். யாருக்காக எழுதினார்களோ அவர்களிடம் கடிதம் இல்லை. யார் கண்ணில் படக்கூடாது என்று மிளகும் மிளகாயும் அரைத்தார்களோ, அவர்கள் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

★ ★ ★

எதிர்வீட்டு அத்தை கதையை முடிக்கவில்லையே!

யுத்தம் முடிந்து சில மாதம் கழித்து மகன் வந்தார். குதிரை வண்டியிலிருந்து அவர் இறங்கிய விதம் என்னவோ மாதிரி இருந்தது. அத்தை வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். பேண்ட்டுக்கு உள்ளே வலது கால் முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். மாதக்கணக்கில் பூனாவில் ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார். அங்கிருந்து வந்த அத்தனை கடிதத்தையும் நான்தான் அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். எல்லாவற்றிலும் முதல் வரி, 'நான் இவ்விடம் சுகம்.'

"ஏண்டா... ஒரு வரி எழுதக்கூடாதா?" என்றார் அத்தை. சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிஷம்.

மகன் இருமல் நிற்கும்வரை காத்திருந்தார். எலும்பும் தோலுமாக இருந்த அம்மாவை மேலும் கீழும் பார்த்தார்.

"இதை நீ எழுதினியாம்மா?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுததைப் பார்த்து, எழுத்தரான எனக்கு உதறல் எடுத்துவிட்டது. இரண்டு பக்கத்துப் பொய்யும் என் வழியாகத்தானே போய் வந்தது! அன்றைக்கு நான் கடலை உருண்டை கேட்கவில்லை.

இத்தனைக்குப் பிறகும் அந்த முதல் வரிக்கு நான் விரோதி இல்லை. அந்தப் பொய் இல்லாவிட்டால் அத்தை அந்த மாதங்களைத் தாண்டியிருக்கமாட்டார். அது மருந்துதான். மருந்து என்றால் அளவு என்று ஒன்று உண்டு, அவ்வளவுதான். ராஜாவின் தணிக்கை, முள்கம்பி எதுவும் இல்லாத நமக்கு, இரண்டாவது வரியில் உண்மையைச் சொல்ல என்ன தடை?

ஆகவே, மேன்ஷன் நண்பரே... போனை எடுங்கள். 'ஜுரம்மா, ரசம்கூட இறங்கலை' என்று சொல்லுங்கள். அடுத்த பஸ்ஸில் அம்மா வந்து இறங்கினால், வீங்கின முட்டியை டாக்டரிடம் காட்டிவிடலாம். ரசமும் கிடைக்கும்.

கவிதை எழுத ஆரம்பித்திருந்தால் மட்டும் அம்மாவிடம் சொல்லவேண்டாம். பயந்துவிடுவாள்.